சென்னையில் விடுதிக்கு வெளியே தங்கிப் படிக்கப் போகிறீர்களா? வீடு தேடுவதிலிருந்து அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது வரை

சென்னைக்குப் படிக்க வரும் எல்லோருக்கும் கல்லூரி விடுதியில் இடம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சிலருக்குக் கட்டணம் கட்டுப்படியாகாது, சிலருக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அப்புறம் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் புகார்கள் தொடங்கும். காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை, கரன்ட் பில் தலைசுற்ற வைக்கிறது, ரூம்மேட் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான், வீட்டுக்காரர் நேரம் காலம் பார்க்காமல் கதவைத் தட்டுகிறார்.

இவற்றில் முக்கால்வாசி, பெட்டியை உள்ளே வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன என்பதே நான் பார்த்துத் தெரிந்துகொண்டது. அட்வான்ஸ் பணம் உங்கள் கையில் இருக்கும்வரை வீட்டுக்காரர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வார். கொடுத்த பிறகு அவர் கேட்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் குடியேறுவதற்கு முன்பு செய்ய வேண்டியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: வெளியே போகத்தான் வேண்டுமா?

அரசு விடுதிகளைக் கேட்டுப் பார்க்காமலே பலர் வாடகைக்குப் போய்விடுகிறார்கள். ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தும் கல்லூரி மாணவர் விடுதிகளில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் கிடையாது. 2025-இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் கல்லூரியிலேயே இடம் இல்லாவிட்டாலும் இங்கே விண்ணப்பிக்கலாம். எல்லா விடுதியும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், நேரில் போய்ப் பாருங்கள். ஆனால் வீட்டிலிருந்து மாதம் பணம் அனுப்புவது கஷ்டம் என்றால், முதலில் இந்தக் கதவைத் தட்டிவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். சேர்ந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள்.

படி 2: ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது

கல்லூரிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள், காலை எட்டரை மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். சென்னையில் இவை இரண்டும் வேறு வேறு. நெரிசல் நேரத்தில் ஒரு பாலத்தைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் பஸ்ஸில் போவதைவிட, கடற்கரை – தாம்பரம் பாதையில் ஆறு ஸ்டேஷன் தள்ளி மின்சார ரயிலில் வருவது பல நேரம் சீக்கிரம் முடிந்துவிடும். குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய்தான்.

நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு பக்கம் கல்லூரி என்றால் சூளைமேடு, கோடம்பாக்கம், மேற்கு மாம்பலத்தில் தேடுவார்கள். கிண்டி என்றால் கோட்டூர், சைதாப்பேட்டை, ஆதம்பாக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்துக்குக் குரோம்பேட்டை, கிறித்தவக் கல்லூரிக்குச் சேலையூரும் கிழக்குத் தாம்பரமும். கடற்கரைச் சாலையில் இருக்கும் மாநிலக் கல்லூரிக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் திருவல்லிக்கேணி நடந்து போகும் தூரம். அங்குள்ள மேன்ஷன்களில் (ஒற்றை அறைகளை மாத வாடகைக்கு விடும் கட்டடங்கள்) அட்வான்ஸ் தொல்லை குறைவு, மெஸ்ஸும் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் அறை சிறியது, குளியலறை பொதுவானது, சமைக்க விட மாட்டார்கள். ஒருவராக வருபவர்களுக்கு முதல் சில மாதங்களுக்கு மேன்ஷன் நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. ஊர் பிடிபட்ட பிறகு நிதானமாக வீடு தேடலாம்.

ஏரியாவை முடிவு செய்யும் முன் ஒரு வேலை நாளில், கல்லூரிக்குக் கிளம்பும் அதே நேரத்தில், அந்தத் தெருமுனையிலிருந்து கல்லூரி வாசல் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். தெருவிலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் சாலையில் போனால், வாடகையில் மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாயால் அந்தக் களைப்பை ஈடுகட்ட முடியாது.

படி 3: வீடு தேடுவது, "பேச்சிலருக்குத் தர மாட்டோம்" என்பதைச் சமாளிப்பது

மிக மனம் நோகும் கட்டம் இதுதான். டூ லெட் போர்டைப் பார்த்து போன் செய்தால் முதல் கேள்வி, "ஃபேமிலியா, பேச்சிலரா?" அடுத்தது, "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" அதற்கடுத்து ஊர் பெயரைக் கேட்டு, அப்பா பெயரைக் கேட்டு, சுற்றி வளைத்துச் சாதியை விசாரிப்பார்கள். பெயரைச் சொன்னதுமே "வீடு போயிடுச்சு தம்பி" என்று போனை வைப்பவர்களும் உண்டு. முஸ்லிம் மாணவர்களும் தலித் மாணவர்களும் இதை மற்றவர்களைவிட அதிகம் அனுபவிக்கிறார்கள். இது அநியாயம். நம்மிடம் ஏதோ குறை என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொல்லி வீடு எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பயந்து பயந்து வாழ வேண்டும், முட்டை ஓட்டைக்கூட ஒளித்துக்கொண்டு போய்த்தான் போட வேண்டும். மாணவர்களுக்குக் கொடுத்துப் பழகிய வீட்டுக்காரர்களைத் தேடுவதே நல்லது. அவர்களைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு.

முதல் வழி, கடைசி ஆண்டு சீனியர்கள். ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் காலி செய்யும் அறைகள் வெளியே போர்டு தொங்குவதற்கு முன்பே கைமாறிவிடும். துறை சீனியர் ஒருவரிடம் மார்ச்சிலேயே சொல்லி வையுங்கள். முதலாண்டு மாணவருக்கு இது வாய்க்காது, அவருக்கு இரண்டாவது வழிதான்: தெரு. எந்த வீடு காலி, எந்த வீட்டில் தண்ணீர்த் தகராறு, எந்த ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தராதவர் என்பதெல்லாம் தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிற அண்ணனுக்குத் தெரியும். தண்ணீர் கேன் போடுபவருக்கும் தெரியும். ஒரு டீ குடித்துக்கொண்டே, "அண்ணா, இந்தப் பக்கம் பசங்களுக்கு ரூம் விடுறாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

புரோக்கர் வழியாகப் போனால் வழக்கமாக ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பார்கள். நால்வர் சேர்ந்து போனால் பேரம் பேசலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில்தான் பணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீடு காட்டுவதற்கே காசு கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

இணையத்தில் படத்தைப் பார்த்து யாருக்கும் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். "நான் ராணுவத்துல இருக்கேன், வெளியூர் போஸ்டிங், சாவி கூரியர்ல வரும்" என்பது பல ஊர்களில் ஒரே மாதிரி நடக்கும் மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது.

படி 4: வீட்டைப் பார்க்கும் அரை மணி நேரம்

எல்லாம் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். முடிந்தால் இரண்டு முறை பாருங்கள், பகலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை.

உள்ளே போனதும் நேராகக் குளியலறைக்குப் போங்கள். குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓட விடுங்கள். குழாய் மூக்கில், தரை ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அப்படியென்றால் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், உப்பு. கொஞ்சம் கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் சோப்பு போட்டுக் கையைக் கழுவிப் பாருங்கள். நுரை வராமல் கை பிசுபிசுவென்று இருந்தால் துணி துவைப்பதும் தலைக்குக் குளிப்பதும் வருடம் முழுக்க இப்படித்தான். உப்புத் தண்ணீர் என்பதற்காக மட்டும் வீட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாது, சென்னையில் பாதி வீடு அப்படித்தான். ஆனால் தெரிந்துகொண்டு போவது வேறு, போய்த் தெரிந்துகொள்வது வேறு.

அப்புறம் இவற்றைக் கேளுங்கள்: மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை? சம்ப் (தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா? மோட்டார் சுவிட்ச் யார் வீட்டில்? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். சுவிட்ச் வீட்டுக்காரர் வீட்டுக்குள் இருந்து, அவர்கள் ஒரு வாரம் திருப்பதி போனால், உங்கள் தொட்டி காலி. கோடையில் லாரி வாங்கினால் செலவை எப்படிப் பிரிப்பார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோனபோது, இதை முன்பே பேசாத வீடுகளில் தினமும் சண்டைதான்.

அடுத்தது சுவர். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பெயிண்ட் உப்பியோ கோடு போட்டது போலவோ இருந்தால், மழைத் தண்ணீர் உள்ளே வந்திருக்கலாம். புது பெயிண்ட் அடித்திருந்தால் இது தெரியாது, அதனால் பக்கத்து வீட்டில் கேளுங்கள்: "2023 டிசம்பர் புயல்ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற இடங்களில் இந்தக் கேள்வி இல்லாமல் தரைத்தளம் எடுக்கவே கூடாது. 2015-இல் தரைத்தளத்தில் இருந்த மாணவர்கள் பலர் சான்றிதழ், லேப்டாப், மெத்தை எல்லாவற்றையும் ஒரே இரவில் இழந்தார்கள்.

மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை வாடகை குறைவாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இரவு பன்னிரண்டு மணிக்கும் சுவர் சுடும். பரீட்சை நேரமும் அதுதான். மாலை நாலு மணிக்குப் போய், உள்ளே பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மற்றவை சீக்கிரம் முடியும். கட்டில் இடுக்கையும் மெத்தைத் தையலையும் போன் டார்ச் அடித்துப் பாருங்கள், மூட்டைப்பூச்சி இருந்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கிறதா? கழிவறையில் தண்ணீர் சரியாகப் போகிறதா? அறைக்குள் போன் சிக்னல் கிடைக்கிறதா? பூட்டின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது?

மாணவிகளுக்கு: பி.ஜி. (பேயிங் கெஸ்ட்), மகளிர் விடுதி என்றால் உரிமம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்த 2014 சட்டப்படி உரிமம் கட்டாயம். கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தில் மற்ற விஷயங்களும் ஒழுங்காக இருக்காது. கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், லேப், நூலகம் என்று தாமதமானால் என்ன செய்வார்கள், கேமரா எந்த இடங்களைப் பார்க்கிறது, வார்டன் இரவில் அங்கேயே தங்குகிறாரா என்பதையும் கேளுங்கள். ஏற்கெனவே அங்கே தங்கியிருக்கும் ஓர் அக்காவிடம், வார்டன் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் பேசினால் உண்மை தெரிந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து அந்தத் தெரு வரை இரவு எட்டரைக்கு விளக்கு எரிகிறதா என்று நடந்து பாருங்கள்.

படி 5: அட்வான்ஸும் ஒப்பந்தமும்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சம்மதிக்காத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. "ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சம்மதிக்காத வரை" என்ற பகுதியைக் கவனியுங்கள். பத்து மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சட்டத்தைக் காட்ட முடியாது. பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்புதான். "சார், நாங்க ஸ்டூடண்ட்ஸ், சட்டப்படி மூணு மாசம்தானே" என்று பணிவாகவே தொடங்குங்கள். மூன்றுக்கு இறங்காவிட்டாலும் ஐந்துக்கோ ஆறுக்கோ இறங்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள்.

எழுத்தில் இல்லாமல் குடியேறாதீர்கள். அந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில்தான் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். வழக்கமாக 11 மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். மாணவர்களுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் இவையெல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்:

வாடகை எவ்வளவு, பராமரிப்புச் செலவு அதில் அடங்குமா. அட்வான்ஸ் தொகை எண்ணிலும் எழுத்திலும். காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு. அட்வான்ஸிலிருந்து எவற்றைக் கழிக்கலாம்.

கடைசியில் சொன்னதில்தான் பெரும்பாலான சண்டை. காலி செய்யும்போது பெயிண்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னையில் எங்கும் உண்டு. இருபது மாதம் குடியிருந்தாலும் ஆறு மாதம் குடியிருந்தாலும் அதே தொகை. "ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் பெயிண்டிங் கழிவு இல்லை" என்றோ "உண்மையான பில் தொகை மட்டும்" என்றோ எழுதச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கையில் இருக்கும் அன்று இதற்கு அவர் சம்மதிப்பார், காலி செய்யும் அன்று நிச்சயம் சம்மதிக்க மாட்டார்.

நால்வர் தங்கினால் நால்வர் பெயரும் ஒப்பந்தத்தில் வரட்டும். ஒருவர் பெயரில் மட்டும் எழுதினால் எல்லாப் பொறுப்பும் அவர் தலையில், மற்ற மூவர் கொடுத்த பணத்துக்கு அத்தாட்சி கிடையாது. அட்வான்ஸை வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ அனுப்பி, குறிப்பில் "வாடகை அட்வான்ஸ்" என்று எழுதுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

இரண்டு உரிமைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதும் சட்டப்படி தவறு. வீட்டுக்காரரிடம் இதைச் சண்டையாகப் பேசத் தேவையில்லை. "சார், வர்றதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்க" என்றால் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

குடியேறும் நாளில், சாமான் இறக்கும் முன், ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். உடைந்த கண்ணாடி, ஒழுகும் குழாய், சுவரில் ஆணித் துளை, கரன்ட் மீட்டரில் அன்றைய எண் எல்லாம் அதில் வரட்டும். அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு இருக்கும், பிறகு உதவும்.

படி 6: கரன்ட் கணக்கு

"யூனிட்டுக்குப் பத்து ரூபாய்" என்பார் வீட்டுக்காரர். முதலில் கேட்க வேண்டியது, "தனி சர்வீஸா, சப் மீட்டரா?" தனி மின் இணைப்பு என்றால் அதன் எண்ணை வாங்கி, பில்லை நீங்களே இணையத்தில் பார்த்துக் கட்டலாம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் உங்களுக்கே கிடைக்கும். சப் மீட்டர் (வீட்டுக்காரரின் இணைப்பிலேயே உங்களுக்கு வைத்த துணை மீட்டர்) என்றால் அந்தச் சலுகை வீட்டுக்காரரின் இணைப்பில் கழிந்துவிடும், உங்களுக்கு அவர் சொல்லும் விலைதான். வாடகை குறைவாகத் தெரியும் பல வீடுகளில் வித்தியாசம் இங்கேதான் ஈடுகட்டப்படுகிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

உங்கள் அறைக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டு வைத்திருங்கள். 75 வாட் மின்விசிறி பதிமூன்று மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் அரை மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். தண்ணீர் சுடவைக்கும் 1,500 வாட் ராடு நாற்பது நிமிடத்தில் ஒரு யூனிட். அப்படியென்றால் ஒரு மின்விசிறி, விளக்கு, இரண்டு லேப்டாப், தினம் ஒரு வேளை இண்டக்‌ஷன் சமையல் உள்ள ஏ.சி. இல்லாத அறைக்கு மாதம் நூறு யூனிட்டை ஒட்டித்தான் வரும். ஒரு மாதத்துக்கே இருநூற்றைம்பது யூனிட் என்று இருந்தால் ஏதோ சரியில்லை. பொது மோட்டார், மாடிப்படி விளக்கு உங்கள் மீட்டரில் இணைந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: அறையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வீட்டுக்காரர் மோட்டார் போடும் நேரத்தில் மீட்டர் விளக்கு சிமிட்டுகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் வையுங்கள். மின்தடை, மின்வாரியப் புகார்களுக்கு மின்னகம் எண் 94987 94987.

படி 7: ரூம்மேட்

நல்ல நண்பன் நல்ல ரூம்மேட்டாக இருப்பான் என்று சொல்ல முடியாது. வகுப்பில் ஒன்றாகச் சிரிப்பது வேறு, காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்து அடித்து ஓய்வதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது வேறு. சேரும் முன் மனம் விட்டுப் பேச வேண்டியவை: தூங்கும் நேரம், குடி, சிகரெட், விருந்தாளிகள், அசைவம், வீட்டிலிருந்து பணம் எந்தத் தேதியில் வரும். கடைசியில் சொன்னதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒருவனுக்குப் பத்தாம் தேதிதான் பணம் வரும் என்றால், ஐந்தாம் தேதி வாடகையை யார் போடுவது என்று முன்பே முடிவு செய்யலாம். அவனை ஒவ்வொரு மாதமும் தலைகுனிய வைக்கத் தேவையில்லை.

நடுவில் ஒருவர் கிளம்பினால் என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். பொதுவாக நியாயமாக வேலை செய்யும் ஏற்பாடு இது: கிளம்புபவர் ஒரு மாதம் முன்பு சொல்ல வேண்டும், மாற்று ஆளைத் தேடுவது அவர் பொறுப்பு, அவருடைய அட்வான்ஸ் பங்கைப் புதிதாக வருபவர் கொடுப்பார், யார் வர வேண்டும் என்பதில் மற்றவர்களுக்கும் சம்மதம் வேண்டும். அதே வாரம் வீட்டுக்காரரிடம் சொல்லி ஒப்பந்தத்தில் பெயரை மாற்றுங்கள்.

பாத்திரச் சண்டைக்கு நான் கண்ட ஒரே மருந்து, ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கிண்ணம் மட்டும் வைத்துக்கொள்வது. கழுவாவிட்டால் அடுத்த வேளை அவருக்கே தட்டு இல்லை. பொதுச் செலவுக்கு மாதத் தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு தொகை போட்டு ஒருவரிடம் கொடுங்கள், அந்தப் பொறுப்பு மாதாமாதம் கைமாறட்டும்.

படி 8: சாப்பாடு, குடிநீர்

மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் பணமும் போகும், வயிறும் போகும். மூன்று வேளையும் சமைப்பது கல்லூரி நாளில் நடக்காது. இரவு மட்டும் வீட்டில் சமைத்து, மதியம் கல்லூரி கேண்டீன் அல்லது மெஸ் என்பதே நீடிக்கும் ஏற்பாடு. மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்தால் ஊருக்குப் போகும் நாட்களைக் கழிப்பார்களா என்று கேளுங்கள். கழிக்காவிட்டால் டோக்கன் வாங்குவது லாபம்.

காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். நேரம் இல்லை, பணம் இல்லை என்றால் அம்மா உணவகம் இருக்கிறது. 2013-இல் தொடங்கியபோதே இட்லி 1 ரூபாய் என்று வைத்தார்கள், பொங்கல் 5 ரூபாய். மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. மாதக் கடைசியில் அங்கே போய்ச் சாப்பிட்டுப் படித்து வந்தவர்கள் எத்தனையோ பேர், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கேஸ் வேண்டுமென்றால் எண்ணெய் நிறுவனங்களே விற்கும் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். மூலைக் கடைகளில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்குக் கேஸ் ஏற்றித் தருவார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். உயிர் போகும் விஷயம். ஜன்னல் இல்லாத அறையில் எந்த அடுப்பும் வேண்டாம்.

குடிக்க 20 லிட்டர் கேன். மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கேனை வெயிலில் வைக்காதீர்கள்.

படி 9: பயணச் செலவைக் குறைப்பது

மாணவிகளுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணமில்லை. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, அதற்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மின்சார ரயிலில் மாணவர்களுக்குச் சீசன் டிக்கெட் சலுகை இருக்கிறது. பட்டப்படிப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் இலவசம் என்பது ரயில்வே விதி. பலருக்கு இது தெரியவே தெரியாது. கல்லூரி அலுவலகத்தில் சான்று வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் கேளுங்கள்.

படி 10: படிக்க இடம்

நாலு பேர் அறையில் பரீட்சைக்குப் படிப்பது நடக்காத காரியம். இதற்காகத் தனி அறை தேடி வாடகையை ஏற்றிக்கொள்ள வேண்டாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது. பரீட்சைக் காலத்தில் இடம் பிடிக்கக் காலையிலேயே போக வேண்டும்.

படி 11: மழையும் உடம்பும்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும், செமஸ்டர் தேர்வும் அதை ஒட்டித்தான் வரும். செப்டம்பர் கடைசிக்குள் சான்றிதழ்களைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண் மேல் வையுங்கள், நகலை டிஜிலாக்கரில் ஏற்றுங்கள். பவர் பேங்க், மெழுகுவத்தி, இரண்டு கேன் தண்ணீர், பிஸ்கட், அவல் கையிருப்பில் இருக்கட்டும். தெருவில் தண்ணீர் தேங்கினால் மாநகராட்சியின் 1913.

மழை விட்ட பிறகுதான் டெங்கு. அந்தக் கொசு சாக்கடையில் முட்டையிடாது, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் இடும். மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டப்பா, மூடாத வாளி, செடித் தொட்டித் தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் போனால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், இலவசம். ரூம்மேட்டுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்து, அவன் வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதற்காகவே ஒவ்வொருவர் வீட்டு போன் எண்ணும் குழுவில் இருக்க வேண்டும்.

தனிமை தாங்க முடியாமல் போகும் இரவுகளும் வரும். முதல் செமஸ்டரில் இது நிறைய பேருக்கு உண்டு. தூக்கம் போய், வகுப்புக்குப் போக மனம் இல்லாமல் நாட்கள் நகர்ந்தால் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பெண்களுக்கு எந்த அச்சுறுத்தல் என்றாலும் 181, அவசரத்துக்கு 112.

படி 12: காலி செய்வது

ஒப்பந்தத்தில் உள்ளபடி முன்னறிவிப்பை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வதா, தனியாகக் கட்டுவதா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அட்வான்ஸ் திரும்ப வருமா என்று சந்தேகம் இருந்தால், வாடகையில் கழித்துக்கொள்ள வீட்டுக்காரரின் சம்மதத்தைக் கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

சாமானை எல்லாம் எடுத்த பிறகு, காலி வீட்டில் வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு மறுபடி ஒரு வீடியோ எடுங்கள். குடியேறிய அன்று எடுத்ததோடு அவருக்கு எதிரிலேயே ஒப்பிடுங்கள். மீட்டர் எண்ணைப் படம் எடுத்து, கரன்ட் பாக்கியை அன்றே கட்டி, ரசீது வாங்கி, அப்புறம் சாவியைக் கொடுங்கள். சாவி கொடுத்த தேதியையும் ஒரு மெசேஜில் பதிவு செய்யுங்கள்.

நியாயமான கழிவுகள் போக மீதி அட்வான்ஸை, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்பதை அந்த ஒரு மாதத்துக்கு மேல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். முதலில் தேதி குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள், பதிவுத் தபாலில். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த வாடகைச் சட்டப்படி மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் சட்ட உதவி இலவசம். அதன் உதவி எண் 15100. ஒப்பந்த நகல், அட்வான்ஸ் அனுப்பிய வங்கிப் பதிவு, இரண்டு வீடியோ, சாவி கொடுத்த மெசேஜ், தபால் ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுக்கொண்டு போங்கள்.